கூடைக்குப் பதில் கல்: தேவதைக் கதைப் பெண்களைப் போர்ட்ரெய்ட் தொடராக எடுப்பது

சிவப்பு முக்காடு போட்ட பெண், கையில் கூடை, பின்னால் காடு. பார்ப்பவர் கதையின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். கூடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அதே பெண்ணின் கையில் பெரிய கல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கதை தெரிந்தவர் ஒரு நொடி தடுமாறுவார். பிறகு அவள் முகத்தைத் தேடுவார். க்ரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட ‘லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்’ கதையில், ஓநாயின் வயிற்றிலிருந்து உயிரோடு வெளியே வந்த சிறுமிதான் ஓடிப்போய்க் கற்களைக் கொண்டுவருகிறாள். அவற்றை வயிற்றில் நிரப்பியதால்தான் ஓநாய் விழுந்து சாகிறது. 1697-இல் வந்த எழுத்தாளர் பெரோவின் பிரெஞ்சு வடிவத்தில் அவள் தப்புவதே இல்லை.

உடை, கிரீடம், காடு எல்லாம் கச்சிதமாக இருந்தும் பல தொடர்கள் மாறுவேடப் போட்டி போலத் தெரிகின்றன. கதாபாத்திரத்தை எடுத்திருப்பார்கள், அவள் வாழ்க்கையின் ஒரு கணத்தை எடுத்திருக்க மாட்டார்கள். துணி வாங்கப் போகும் முன் பழைய கதையை இரண்டு முறை படிப்பது நல்லது. முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை கையில் எடுக்கக்கூடிய பொருள் எதெது வருகிறது என்று குறித்துக்கொள்வதற்காக. ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல மாற்றாந்தாய் மூன்று முறை வருகிறாள்: முதலில் மேலுடையை இறுக்கும் நாடா, அடுத்து விஷச் சீப்பு, கடைசியில்தான் ஆப்பிள். படம் எடுப்பவர்கள் நாடாவையும் சீப்பையும் பெரும்பாலும் தொடுவதில்லை. ரபன்ஸலின் முடியைச் சூனியக்காரி வெட்டிவிடுகிறாள். அதற்குப் பிறகு வனாந்தரத்தில் குட்டை முடியோடு அவள் வாழும் காலம் ஒன்று இருக்கிறது. டேனிஷ் எழுத்தாளர் ஆண்டர்சனின் 1837-ஆம் ஆண்டுக் கடற்கன்னிக் கதையில், தங்கையைக் காப்பாற்றும் கத்திக்காக அக்காமார் ஐந்து பேரும் கூந்தலை வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அவருடைய அன்னப்பறவைக் கதையில் பதினோரு அண்ணன்மாருக்காகக் காஞ்சொறிச் செடியில் சட்டை பின்னும் தங்கைக்குக் கடைசிச் சட்டையின் ஒரு கையை முடிக்க நேரமில்லை. மனைவிகளைக் கொல்லும் கணவனைப் பற்றிய பெரோவின் நீலத்தாடிக் கதையில், தடுத்த அறையைத் திறந்துவிட்ட மனைவி கையிலிருக்கும் சாவியில் இரத்தக்கறை ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் வந்துவிடுகிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு போர்ட்ரெய்ட்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. பழைய கதைகள் பொதுச்சொத்து. ஆனால் பிரபலமான அனிமேஷன் படங்களில் வரும் உடைகளும் நிறச்சேர்க்கைகளும் அந்தந்த ஸ்டுடியோவுடையவை. பனியைப் போல வெள்ளை, இரத்தத்தைப் போலச் சிவப்பு, கருங்காலியைப் போலக் கறுப்பு என்பதுதான் ஸ்னோ ஒயிட்டைப் பற்றிக் கதை சொல்வது. நீல மேல்சட்டையும் மஞ்சள் பாவாடையும் திரையிலிருந்து வந்தவை. கண்காட்சி வைக்கவோ பிரின்ட் விற்கவோ எண்ணம் இருந்தால் மூலக் கதையோடு நிற்பதே பாதுகாப்பு.

இந்த வேலை புதிதும் அல்ல. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ஹென்றி பீச் ராபின்சன் சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதையை நான்கு படத் தொடராக 1858-இலேயே எடுத்துவிட்டார். அக்காலக் கொலோடியன் தட்டுக்கு (ரசாயனம் பூசிய கண்ணாடி நெகடிவ்) சிவப்பு தெரியாது. சிவப்புத் துணி ஏறத்தாழக் கறுப்பாகவே விழும். நிறம் உதவாத இடத்தில் உடலும் பொருளும் வெளிச்சமும்தான் கதையைச் சுமந்தாக வேண்டும். நம் படத்தையும் ஒருமுறை கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் போதும், கதை நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

முதலில் பூட்ட வேண்டியவை

பன்னிரண்டு நல்ல படங்களை வரிசையாக வைத்தால் அது தொடராகிவிடாது. மாறாத சிலவற்றை முதல் படத்துக்கு முன்பே எழுதிப் பூட்டிவிட வேண்டும்: ஒரே லென்ஸ், ஒரே கேமரா உயரம், ஒரே சட்டக விகிதம், முதன்மை வெளிச்சம் வரும் திசை. 85 மி.மீ. லென்ஸ், கண் மட்டம், 4:5 நெடுக்குச் சட்டகம், வெளிச்சம் எப்போதும் இடப்பக்கத்திலிருந்து என்று வைத்துக்கொண்டால், காடு, அறை, நீர்க்கரை என்று இடம் மாறினாலும் படங்கள் ஒரு குடும்பமாக நிற்கும். ஏதாவது ஒரு கதையில் மட்டும் விதியை மீறலாம். இரண்டு படங்களில் மீறினால் பார்ப்பவர் அதைப் பிழையென்றே எடுத்துக்கொள்வார்.

முதலில் எடுத்த படம் ஏறக்குறைய எப்போதும் தொடரோடு ஒட்டாது. மூன்று, நான்கு படம் முடிந்த பிறகுதான் தொடரின் குரல் பிடிபடும். முதல் படத்தை மறுபடி எடுப்பதற்கு ஒரு நாளைத் திட்டத்திலேயே ஒதுக்கி, அந்த உடையைத் திருப்பித் தராமல் வைத்திருங்கள்.

85 மி.மீ. லென்ஸை முழுச்சட்டக் கேமராவில் எஃப் 1.8-இல் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது) திறந்து, 1.5 மீட்டரிலிருந்து எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் மொத்தமே 3 செ.மீ. சொச்சம். தலை கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவாகவும் மறுகண் கரைந்தும் போகும். கையில் இருக்கும் கல்லோ சாவியோ வெறும் நிறத் திட்டாகிவிடும். பொருள் கதையைச் சொல்லும் தொடரில் இது கட்டுப்படியாகாது. 2 மீட்டர் தள்ளி நின்று எஃப் 4 வைத்தால் 13 செ.மீ. கிடைக்கும். மூக்கிலிருந்து காது வரை, மார்போடு அணைத்துப் பிடித்த பொருளும் சேர்ந்து, அதற்குள் அடங்கும். பின்னணி கரைய வேண்டுமென்றால் லென்ஸை மேலும் திறக்காமல், அவளைப் பின்னணியிலிருந்து 5 மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள்.

மேலங்கி

இந்தத் தொடர்களில் அதிகம் தைக்கப்படுவதும் அதிகம் சொதப்புவதும் மேலங்கிதான். துணிக்கணக்கு தெரியாமல் போனால் தோளில் போர்த்திய துண்டு மாதிரி நிற்கும்.

முழுவட்ட மேலங்கி, நீளம் 130 செ.மீ., கழுத்துச் சுற்று 40 செ.மீ. என்று வையுங்கள். கழுத்து வட்டத்தின் ஆரம் 6.4 செ.மீ.; நீளத்தையும் கூட்டினால் மொத்த ஆரம் 136 செ.மீ. சொச்சம். 150 செ.மீ. பன்னா (அகலம்) உள்ள துணியில் இரண்டு அரைவட்டமாக வெட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 2.75 மீட்டர், ஆக 5.5 மீட்டர், முக்காட்டுக்கு இன்னும் முக்கால் மீட்டர். அரைவட்ட மேலங்கியானால் கழுத்து ஆரம் 12.7, மொத்த ஆரம் 143. அதே பன்னாவில் ஒரே துண்டாக 2.9 மீட்டரில் முடிந்துவிடும். செலவு பாதிதான், ஆனால் அது பறக்காது, தொங்கும். நிற்கிற, உட்கார்கிற படத்துக்கு அரைவட்டம் போதும். காற்றில் விரிய வேண்டுமென்றால் முழுவட்டம்தான்.

துணியின் எடையும் முக்கியம். சதுர மீட்டருக்கு 120–150 கிராம் உள்ளது பறக்கும். 300 கிராம் வெல்வெட்டை எவ்வளவு வீசினாலும் ஈரச் சாக்கு மாதிரி விழும். ஆனால் வெல்வெட் வெளிச்சத்தைக் குடிக்கும் விதத்தில் கிடைக்கும் கனமான கருஞ்சிவப்பு வேறெதிலும் கிடைக்காது. பாலியெஸ்டர் சாட்டின் மட்டும் வேண்டாம். ஃப்ளாஷ் பட்டதும் ஒவ்வொரு மடிப்பிலும் வெள்ளைக் கோடு விழுந்து, வாடகை உடை என்று கத்தும்.

வீசும் முறை இது. உதவியாளர் பின்னால் குனிந்து ஓரத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். எண்ணி மூன்றில் தோள் உயரத்துக்குத் தூக்கி விட்டுவிட்டு, சட்டகத்தின் எதிர்ப்பக்கம் ஒதுங்க வேண்டும். மேலே தூக்கி எறிந்தால் துணி தலையில் கவிழும். ஷட்டர் 1/800 வைத்தால் துணி உறையும். 1/200-இல் ஓரம் லேசாகக் கலங்கி, அசைவு தெரியும். துணி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் கணமே நல்ல வடிவம் தரும். முகம் அமைந்த படத்தில் துணி அமையாது, துணி அமைந்த படத்தில் அவள் கண்ணை மூடியிருப்பாள். முக்காலியில் கேமராவைப் பூட்டி, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் கையால் நிறுத்திவிட்டால் பிறகு இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம்.

கழுத்தில் நாடா கட்டினால் பறக்கும்போது துணி தொண்டையை இழுக்கும். உள்ளே இரண்டு அக்குள் வழியாகவும் போகும் பட்டை தைத்து, எடையைத் தோளில் இறக்குங்கள். வெளியே தெரியும் கழுத்துக் கொக்கி அலங்காரத்துக்கு மட்டும்.

சிவப்பு இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். கேமராவின் ஒட்டுமொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சரியாகக் காட்டும்போதே சிவப்புச் சேனல் மட்டும் முட்டி நிரம்பியிருக்கும். மடிப்புகளெல்லாம் மறைந்து, கத்தரித்து ஒட்டிய சிவப்புக் காகிதம் மாதிரி ஆகிவிடும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்புச் சேனலைப் பார்த்து 2/3 ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) முகத்தைப் பிறகு தூக்கலாம். போன மடிப்பைக் கொண்டுவர முடியாது. அதே துணி தாடைக்கடியிலும் கழுத்திலும் சிவப்பைத் தெறிக்கும். முக்காட்டின் உள் ஓரத்துக்குச் சாம்பல் நிற லைனிங் கொடுத்தால் தொல்லை பாதியாகக் குறையும்.

காட்டின் பச்சை, நிலவின் நீலம்

இலைக்கூரைக்கடியில் வரும் வெளிச்சம் பச்சை. கண் அதைச் சரிசெய்துகொள்ளும், கேமரா செய்யாது. தோல் நோய்ப்பட்ட மாதிரி வரும். சிவப்பு மேலங்கி பச்சை வெளிச்சத்தில் சேறு நிறமாகும், ஏனென்றால் திருப்பியனுப்பச் சிவப்பே அங்கு குறைவு. ஒயிட் பேலன்ஸில் (கேமராவின் நிறச் சமநிலை) மெஜென்டாவைக் கூட்டினால் தோல் சரியாகும், காடு ஊதாவாகும். இதைவிட நல்ல வழி இடத்தை மாற்றுவது. காட்டின் நடுவை விட்டு ஓரத்துக்கு வந்து, முகம் திறந்த வானத்தைப் பார்க்க, மரங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிறுத்துங்கள். நடுக்காடுதான் வேண்டுமென்றால் ஃப்ளாஷில் அரைப் பச்சை ஜெல் (நிறத் தாள்) போட்டு, ஒயிட் பேலன்ஸை முகத்தில் வைத்த சாம்பல் அட்டையில் எடுங்கள். ஃப்ளாஷும் காடும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும், இரண்டையும் ஒன்றாகத் திருத்தலாம். ஒவ்வொரு இடத்திலும் முதல் ஃபிரேம் சாம்பல் அட்டையோடு இருக்கட்டும். பன்னிரண்டு நாள் பன்னிரண்டு வெளிச்சத்தில் எடுத்ததை ஒரே தோல் நிறத்துக்குக் கொண்டுவர வேறு நேர்வழி கிடையாது.

இரவுக் காட்சியை இரவில் எடுப்பவர்கள் கறுப்புப் பின்னணியில் ஒரு முகத்தோடு திரும்புவார்கள். சூரியன் விழுந்த பிறகு வரும் அந்திதான் நேரம். ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்தால் காடு முழுக்க நீலமாகும். சுற்றுப்புறத்தை 2 ஸ்டாப் குறைத்து, முகத்துக்கு முழு ஆரஞ்சு சிடிஓ ஜெல் மாட்டிய ஃப்ளாஷ் கொடுத்தால் முகம் இயல்பான நிறத்தில் இருக்கும்; கையிலுள்ள விளக்கிலிருந்து வருவது போலவும் தோன்றும். அந்த ஃப்ளாஷ் உண்மையில் விளக்கு இருக்கும் பக்கத்திலிருந்தே வர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம்; ஆனால் விளக்கு வலக்கையில், வெளிச்சம் இடப்பக்கத்தில் என்று இருக்கும் படங்கள் ஏராளம். இங்கே தொடரின் வெளிச்ச விதிப்படி விளக்கையும் இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்த அந்தி 20–25 நிமிடம்தான். உடை, மேக்கப், ஒத்திகை எல்லாம் சூரியன் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

நிஜ மெழுகுவத்தி வெளிச்சத்தில் மட்டும் எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மெழுகுவத்தி முகத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால், எஃப் 2, 1/60-க்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு எண்) 6400 வாக்கில் வேண்டும். 60 செ.மீ. தள்ளினால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகி, ஐஎஸ்ஓ 25,600-க்குப் போய்விடும். சுடரைப் படத்தில் வைத்துக்கொண்டு, அதே திசையில் சட்டகத்துக்கு வெளியே 3200 கெல்வின் எல்இடி ஒன்றை மங்கலாக வைப்பதுதான் எல்லோரும் செய்வது. செயற்கை முடி, டூல் என்ற மெல்லிய வலைத் துணி இரண்டும் நொடியில் பற்றும். அவை உடையில் இருந்தால் நிஜச் சுடர் வேண்டாம். பேட்டரி மெழுகுவத்தி வையுங்கள்.

கண்ணாடி முன் அரசி

மாற்றாந்தாய்தான் இந்தத் தொடர்களின் மிகச் சிறந்த பாத்திரம் என்பது என் கட்சி. இளவரசிக்குத் தூங்குவதும் காத்திருப்பதும் வேலை. இவளுக்கு ஒரு பயம் இருக்கிறது. ஐம்பது வயதுப் பெண்ணை இந்த இடத்தில் உட்கார வைத்தால், சுருக்கங்களோடு சேர்த்து, தொடரின் மையமே இங்கு வந்துவிடும். அந்தச் சுருக்கங்களை ரீடச்சிங்கில் துடைத்தால் கதையையும் சேர்த்துத் துடைத்ததாக அர்த்தம்.

கண்ணாடியில் ஃபோகஸ் எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். பிம்பம் கண்ணாடியின் மேல்பரப்பில் இல்லை. கேமராவிலிருந்து கண்ணாடி 1.5 மீட்டர், கண்ணாடியிலிருந்து அவள் முகம் 60 செ.மீ. என்றால் பிம்பம் 2.1 மீட்டரில் இருக்கிறது. கண்ணாடியின் செதுக்குச் சட்டமும் பிம்பமும் இரண்டும் தெளிவாக வேண்டுமென்றால் 50 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 1.75 மீட்டரில் ஃபோகஸை நிறுத்துங்கள், 1.5 முதல் 2.1 வரை சரியாக அடங்கும். லென்ஸ் விதியை மீறுவதற்கான அந்த ஒரு படம் இதுவாகவே இருக்கட்டும்.

அடுத்தது பார்வை. அவள் தன் பிம்பத்தையே பார்க்கும்படி சொன்னால் படத்தில் அவள் வேறெங்கோ பார்ப்பது போல இருக்கும், காரணம் கேமரா பக்கவாட்டில் இருக்கிறது. கண்ணாடிக்குள் தெரியும் லென்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பவருக்கு அவள் தன் பிம்பத்தைப் பார்க்கிறாள் என்றும் தோன்றும், நம்மைப் பார்க்கிறாளே என்ற திடுக்கிடலும் வரும். ஓவியர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் தந்திரம் இது.

வெளிச்சத்தைக் கண்ணாடியைப் பார்க்கும் முகப்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். தலையின் பின்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு முகம் இருட்டாக இருக்கிறதே என்று யோசிக்கக் கூடாது. 60×60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை கண்ணாடிச் சட்டத்தின் இடமேல் மூலைக்கு மேலே, கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் சட்டகத்துக்குள் வராது. பிறகு எல்லோரும் மறப்பது: கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் இருக்கும் அறை தெரியும். கேமராப் பைகள், ரிஃப்ளெக்டர், உதவியாளரின் செருப்பு எல்லாம் தெரியும். அந்தச் சுவரில் ஒரு கருந்துணி தொங்கவிடுங்கள். கேமரா தெரிந்தால் அதன் மேலும் கருந்துணி போர்த்தி லென்ஸை மட்டும் நீட்டலாம். போலரைசர் ஃபில்டர் இதற்கு உதவாது. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம் என்பதால் அதன் பிரதிபலிப்பு ஃபில்டருக்குப் பிடிபடாது. கண்ணாடியின் முதுகில் அகல டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டால், விழுந்தாலும் சில்லுகள் சிதறாது.

தூங்கும் அழகி

படுத்திருப்பவரை எடுக்கும்போது ஒளி எந்தப் பக்கம் என்பதில் மேல்-கீழ் தலைகீழாகிவிடும். நிற்கும்போது மேலிருந்து வரும் வெளிச்சம், படுத்திருக்கும்போது உச்சந்தலைப் பக்கத்திலிருந்து வர வேண்டும். கால் பக்க ஜன்னலிலிருந்து வந்தால் அது கீழிருந்து அடித்த வெளிச்சம். மூக்குத் துளையும் புருவ மேடும் எடுப்பாகி, தூங்கும் அழகி பேய்க்கதைக்குப் போய்விடுவாள். கட்டிலை நகர்த்த முடியாவிட்டால் பெண்ணைத் திருப்பிப் படுக்க வையுங்கள். தொடரின் இடப்பக்க வெளிச்சத்துக்கு, உச்சந்தலையும் இடப்பக்கமும் சேரும் மூலையே சரியான இடம்.

மேலேயிருந்து முழு உருவமும் எடுக்க 35 மி.மீ. லென்ஸ் வேண்டும், 2.2 மீட்டர் உயரத்திலிருந்து 2.2×1.5 மீட்டர் பரப்பு கிடைக்கும். கட்டிலில் படுக்க வைத்தால் கூரை இடிக்கும். தரையில் மெத்தையைப் போட்டால் உயரம் மிச்சம். கேமராவைக் கிடைக்கம்பியில் மாட்டினால் பாதுகாப்புக் கயிறும், எதிர்முனையில் மணல் மூட்டையும் கட்டாயம். கீழே இருப்பது ஒருவரின் முகம். ஆனால் நேர்மேலே இருந்து எடுத்த படம் தொடரின் கண்மட்ட விதியையும் 85 மி.மீ. விதியையும் சேர்த்தே மீறுகிறது. மீறலைக் கண்ணாடிப் படத்துக்குக் கொடுத்துவிட்டால், இங்கே முகத்தின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, தலையணை ஓரமாகப் பக்கவாட்டில் எடுங்கள்.

கண் மூடிய முகத்தில் உயிர் வாயிலும் கையிலும்தான். உதட்டைச் சேர்த்து மூடினால் இறந்தவர் போல இருக்கும். பற்கள் தெரியாத அளவுக்குச் சற்றே பிரிந்திருக்கட்டும். மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நொடியில் எடுங்கள், தோள் தளர்ந்திருக்கும். மூடிய இமைகளை ஃப்ளாஷ் வரும் முன்பே இறுக்குவது சிலருக்குப் பழக்கம். அப்படிப்பட்டவருக்குத் தொடர் ஒளி எல்இடி நல்லது.

முடி, கிரீடம், கண்

ஜன்னலிலிருந்து தொங்கும் நீளப் பின்னலை முழுக்கச் சவுரி முடியில் செய்வது வீண். முகத்தை ஒட்டிய முதல் 60 செ.மீ. மட்டும் நல்ல சவுரியாக இருக்கட்டும்; மீதி ஃபோகஸுக்கு வெளியே போவதால், அதே நிறக் கம்பளி நூலில் பின்னினால் போதும். பின்னும்போது நீளத்தில் கால்பங்கு வரை குறையும் என்பதையும், வளைந்து தொங்கும் என்பதையும் சேர்த்து, 3 மீட்டர் தொங்க வேண்டுமானால் 4.5 மீட்டர் நூல் வெட்டுங்கள். நூல் பின்னலின் எடையைத் தலையில் ஏற்றக் கூடாது. அதை இடுப்புப் பட்டையிலோ ஜன்னல் கொக்கியிலோ கட்டிவிட்டு, தலையில் சவுரியை மட்டும், இறுக்கிப் பின்னிய அடிப்பின்னலின் மேல் பின் குத்தி நிறுத்துங்கள். செயற்கை முடியின் பிளாஸ்டிக் மினுப்பு போக டிரை ஷாம்பு அல்லது டால்கம் பவுடரைத் தூவி உதறிவிடலாம்.

வெட்டப்பட்ட கூந்தலுடைய ரபன்ஸலுக்கு விக் தேடாதீர்கள். குட்டை முடி வைத்திருக்கும் ஒருவரை அழையுங்கள்.

300 கிராமுக்கு மேல் கிரீடம் வைத்தால் அரைமணியில் நெற்றியில் பள்ளம் விழும். அந்தச் சிவப்புக் கோடு அடுத்த உடையிலும் தெரியும். உள்வட்டத்தில் ஃபெல்ட் ஒட்டி, இரண்டு பக்கமும் சீப்புக் கிளிப் தைத்துவிட்டால் எடை முடிக்குப் போகும். கண்ணுக்கருகே கைவினைக் கடை மினுமினுப்பைத் தொடவே கூடாது. அது கண்ணின் கருவிழியைக் கீறும். கண்ணைச் சுற்றிப் பூசலாம் என்று குறிப்பிட்டிருக்கும் அழகுசாதன வகை மட்டும், அதுவும் கீழிமையைத் தவிர்த்து. பனி அரசிக்கு இமையில் உறைபனி வேண்டுமென்றால், செயற்கை இமை முடியை முன்பே தனியாக வைத்துப் பூசி, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். தூள் கண்ணில் உதிராது.

நீலத்தாடியின் சாவிக்குப் படப்பிடிப்பு இரத்தம் தேவையில்லை. சிவப்பு அக்ரிலிக் பெயின்ட் அடித்து மேலே பளபள வார்னிஷ் கொடுத்தால் ஈரமாகவே தெரியும், உடையில் ஒட்டாது. காஞ்சொறிச் சட்டையைப் பச்சைச் சாயமேற்றிய சணல் கயிற்றில் பின்னலாம். சணலும் உறுத்தும், உள்ளே பருத்தி உள்ளாடை வேண்டும்.

புகைக் குப்பிகள் பற்றி ஒன்றே ஒன்று: காய்ந்த இலை இருக்கும் இடத்தில் கொளுத்தக் கூடாது. அவற்றின் முனை கொதிக்கும், சாயம் துணியில் ஏறினால் போகாது. தெளிப்பு வகை ஹேஸ் ஸ்ப்ரேயை (மெல்லிய மூட்டம் தருவது) கொளுத்த வேண்டியதில்லை. புகை எதுவானாலும் பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். முன்னாலிருந்து அடித்தால் படம் வெளுத்துத்தான் போகும்.

பெண்ணிடம் என்ன சொல்வது

"சோகமாகப் பாருங்கள்" என்றால் நடிகை அல்லாதவர் உதட்டைப் பிதுக்குவார். செய்ய ஒரு வேலை கொடுங்கள். கல்லைப் பிடித்திருப்பவர் கையில் நிஜமாகவே 3 கிலோ கல் இருக்கட்டும். தெர்மகோல் கல்லைப் பிடித்தவரின் மணிக்கட்டில் நரம்பு எழாது, தோள் இறங்காது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொய் என்று தெரிந்துவிடும். "இதை எங்கே வைப்பது என்று யோசியுங்கள்" என்று சொல்லி இரண்டு நிமிடம் விடுங்கள். கை தளர்ந்து, அவர் கேமராவை மறந்து, எடையை இடுப்புக்கு மாற்றும் அந்தச் சில நொடிகளில்தான் படம் இருக்கிறது. பிறகு கல்லை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கவிட்டால் கை நடுங்கும். கடற்கன்னியின் அக்காமாருக்கும் அப்படித்தான். வெட்டிய கூந்தல் கற்றையைக் கையில் கொடுத்து, ஈரமாக இருப்பதைப் பிழியச் சொன்னால் போதும்.

மேக்கப்புக்கும் முடிக்கும் ஒன்றரை மணி நேரம், படப்பிடிப்பு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். அதற்குமேல் முகத்தில் களைப்பு ஏறிவிடும். உடை மாற்ற மூடிய இடம், கூட ஒரு பெண் உதவியாளர், கடைசி நொடி வரை காலில் செருப்பு. கோர்செட்டோ மடிப்போ சரி செய்யத் தொடும் முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள். படங்கள் எங்கெங்கு வரும், வேறு படத்தோடு இணைத்து மாற்றுவீர்களா, முகத்தைத் திருத்துவீர்களா என்பதை மாடல் ரிலீஸில் (படத்தைப் பயன்படுத்த மாடல் தரும் ஒப்புதல் படிவம்) தனித்தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சூனியக்காரியாக நடித்தவருக்கு மூக்கை நீட்டிய படத்தை வெளியிட்ட பிறகு வரும் மனக்கசப்பு, அந்த ஒரு வரி இருந்தால் வந்திருக்காது.

கடைசியில் நிறமும் தாளும்

ஒவ்வொரு படத்தையும் எடுத்த அன்றே நிறம் தீட்டி முடிக்காதீர்கள். எல்லாம் எடுத்தபின், சாம்பல் அட்டை ஃபிரேமால் தோலைச் சரிசெய்து, அதன்பிறகே தொடர் முழுவதற்கும் ஒரே சாயலைக் கொடுங்கள். 4 செ.மீ. அகலத்தில் சிறு பிரதிகள் அச்சடித்து மேசையில் பரப்பினால், திரையில் தெரியாத ஒவ்வாமைகள் தெரியும்: இரண்டு முகம் ஒரே பக்கம் திரும்பியிருப்பது, மூன்று படத்தில் தலைக்கு மேல் இடம் குறைந்திருப்பது, ஒன்று மட்டும் மஞ்சளாக இருப்பது. பழைய காகிதம் போன்ற கீறல் டெக்ஸ்சரை மேலே போர்த்துவது, பலவீனமான படத்தை மறைக்கத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது.

இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் இருட்டு. திரையில் அழகாக இருந்தது தாளில் கரிப்பட்டையாகிவிடும். திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேன்டெலா வாக்கில் இறக்கி வைத்து வேலை செய்யுங்கள். மேட் தாள் கறுப்பின் ஆழத்தைக் குறைக்கும், அந்தி நீலத்தில் இருக்கும் மரங்களெல்லாம் ஒன்றாகிவிடும். பெரிய பிரின்ட் போடும் முன், முகமும் பின்னணி நிழலும் சேர்ந்து வரும் 10 செ.மீ. பட்டையை மட்டும் மூன்று பிரகாசத்தில் அச்சடித்து, படம் மாட்டப்போகும் சுவரின் விளக்குக்குக் கீழே வைத்துத் தேர்ந்தெடுங்கள்.